அடில்ஸ்ட்ரொப்பில் ரயில் நிற்பதில்லை

இந்த வருடம் வாலிபர் ஐக்கியத்தின் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது வழமைபோல இரண்டு கட்சிகள். ஒரு கட்சிக்குக் கடற்கரை, மற்றதற்குத் தீம் பார்க். நடுவில் ஒரு குரல், "ஒரு ரயில்வே ஸ்டேஷன் பார்க்கப் போவமா?" என்றது. சிரித்தோம். "அந்த ஸ்டேஷன் இப்ப இல்லை" என்று அதே குரல் சொன்னதும் இன்னும் சத்தமாகச் சிரித்தோம். சொன்னவர் ஏ லெவலுக்கு ஆங்கில இலக்கியம் படிக்கும் எங்கள் தங்கை ஒருவர். அவர் விடவில்லை. பதினாறு வரிக் கவிதை ஒன்றை எடுத்து அங்கேயே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். வாசித்து முடிந்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. கடற்கரைக் கட்சியும் தீம் பார்க் கட்சியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காததால், கடைசியில் வென்றது ஸ்டேஷன்தான்.

அதே கூட்டத்தில் வேறொரு விடயமும் இருந்தது. வெள்ளிக்கிழமைத் தமிழ் வேதப்படிப்பை நிறுத்துவதா, தொடர்வதா? மே மாதம் நான்கு கிழமையும் வரவை எண்ணியிருந்தோம்: 5, 3, 4, 3. இந்தச் சில பேருக்காக மண்டபத்துக்கு வாடகை, ஹீற்றர் செலவு, அதோடு கதவு திறப்பதற்கென்று வேலையிலிருந்து நேரே, சாப்பிடாமல்கூட ஓடிவரும் ஓர் அண்ணா. கணக்கு வைத்திருந்தவர் தாளைக் காட்டினார். யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. சுற்றுலா முடிந்து வந்து முடிவெடுப்போம் என்று ஒத்திவைத்தோம்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை, பரீட்சைகள் முடிந்த களிப்பில், பதினான்கு பேர் பாடிங்டனில் ரயில் ஏறினோம். துணைக்குச் சபையின் பெரியவர் ஒருவரும் வந்தார். நாங்கள் எல்லாரும் அவரை அங்கிள் என்றே கூப்பிடுவோம். ஒக்ஸ்ஃபோர்டைத் தாண்டியதும் ரயில் ஈவன்லோட் என்ற சிறு நதியின் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. கிங்ஹாம் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து அடில்ஸ்ட்ரொப் கிராமத்துக்குச் சுமார் 5 கிலோமீட்டர் நடை.

பாதி வழியில் டேல்ஸ்ஃபோர்ட் என்ற சின்னஞ்சிறு ஊர் வருகிறது. வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்தியாவிலிருந்து திரும்பி வந்து மாளிகை கட்டி வாழ்ந்ததும், 1818இல் இறந்து அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான். சரித்திரப் புத்தகத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கிய பெயர், செம்மறியாடுகள் மேயும் ஒரு வயலுக்குப் பக்கத்தில் எதிர்ப்பட்டது வேடிக்கையாக இருந்தது. ஆனால் நாங்கள் தேடிவந்தது அவரை இல்லை என்பதால் நடையைத் தொடர்ந்தோம்.

அடில்ஸ்ட்ரொப் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தின் ஓரத்தில், ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், சிலவற்றுக்கு வைக்கோல் வேய்ந்த கூரை, வாசலில் ரோஜா. ஊருக்குள் திரும்பும் சந்தியில் ஒரு பஸ் தரிப்பிடம் உண்டு. அதற்குள் எட்டிப் பார்த்தால், சுவரில் பஸ்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெரிய பலகை. பெரிய எழுத்தில் ஊரின் பெயர் மட்டும். மூடப்பட்ட ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை அது. அதன் கீழே நிலையத்தில் கிடந்த பழைய வாங்கு. வாங்கில் ஒரு தகடு, தகட்டில் தங்கை வாசித்த அதே கவிதை.

முழு நிலையத்திலும் மிஞ்சியது அவ்வளவுதான். அதை ஊரவர்கள் எடுத்துவந்து, மழை படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கதை இதுதான். 1914 ஜூன் 24ஆம் திகதி. சபை நாட்காட்டியில் யோவான் ஸ்நானகனின் பிறந்த நாள். எட்வர்ட் தோமஸ் என்ற எழுத்தாளர் லண்டனிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தார். லெட்பரி என்ற ஊருக்கு அருகே அப்போது குடியிருந்த அமெரிக்கக் கவிஞர் ரொபர்ட் ஃப்ரொஸ்ட்டைப் பார்ப்பதற்காக. தோமஸ் அதுவரை ஒரு கவிதைகூட வெளியிட்டவரில்லை. புத்தக விமர்சனமும் பயண நூலும் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றிவந்தவர். உச்சிப்பொழுதை அண்டி, நல்ல வெயிலில், ரயில் அடில்ஸ்ட்ரொப்பில் நின்றது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. அந்த ஒரு நிமிட அமைதியில் கருங்குருவிகள் பாடுவது அவருக்குக் கேட்டது. சட்டைப்பையில் வைத்திருந்த குறிப்புப் புத்தகத்தில் அதைக் குறித்துக்கொண்டார். ரயில் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து, ஜூன் 28ஆம் திகதி, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆகஸ்டில் ஐரோப்பா முழுவதும் யுத்தம். அந்த வருடக் கடைசியில்தான் தோமஸ் கவிதை எழுதத் தொடங்கினார், அதுவும் ஃப்ரொஸ்ட்டின் தூண்டுதலால். 1915 ஜனவரியில் கணுக்கால் சுளுக்கி வீட்டில் கிடந்த நாட்களில் அந்தப் பழைய குறிப்பு கவிதையாயிற்று. அதே வருடம் ஜூலையில் அவர் படையில் சேர்ந்தார். வயது 37, மனைவி, மூன்று பிள்ளைகள். கட்டாய ஆட்சேர்ப்பு இன்னும் வந்திருக்கவில்லை. போகவேண்டும் என்று யாரும் அவரை நெருக்கியிருக்க முடியாது. 1917 ஏப்ரல் 9ஆம் திகதி பிரான்ஸில் அராஸ் போரின் முதல் நாளில் கொல்லப்பட்டார். அன்று உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள். கவிதை 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் வெளிவந்தது அதே மாதம் 28ஆம் திகதி. அச்சில் அதை அவர் பார்க்கவில்லை.

அந்தக் கவிதையை இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன பலர் படித்திருக்கிறார்கள். அதில் சண்டை இல்லை, காதல் இல்லை. ஒரு ரயில் நிற்கிறது, யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள், ஒரு குருவி பாடுகிறது. எழுதியவர் பிறகு என்ன ஆனார் என்று தெரிந்த பின் வாசிக்கும்போதுதான் அந்த ஒரு நிமிடம் கனக்கிறது.

பஸ் தரிப்பிடத்தில் எல்லாரும் போனை அணைத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருப்போம் என்று தீர்மானித்தோம். முதல் நிமிடம் சிரிப்பை அடக்குவதிலேயே போயிற்று. இரண்டாவது நிமிடத்தில் ஒருவருக்கு விக்கல். அதற்குப் பிறகு ஓரளவு அமைதி வந்தது. தூரத்தில் ஒரு ட்ராக்டர், இலைகளின் சலசலப்பு, பிறகு மதில்மேல் எங்கேயோ ஒரு கருங்குருவி. உடம்பு முழுக்கக் கறுப்பும் மஞ்சள் அலகுமாக இருக்குமே, அதே பறவை. ஒரு தம்பி மெதுவாகச் சொன்னார்: "இது எங்கட வீட்டுப் பின் வளவிலயும் ஒவ்வொரு நாளும் கத்துறது." உண்மைதான். லண்டனில் தெருவுக்குத் தெரு பாடும் குருவி. ஐந்து நிமிடம் முடிந்ததும் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசித்தோம்: எலியா குகை வாசலில் நின்றது, காற்றும் அதிர்ச்சியும் நெருப்பும் போன பிறகு அவனுக்குக் கேட்டது. விளக்கம் யாரும் சொல்லவில்லை. நாயோடு நடந்துவந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் நின்று, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். லண்டன் என்றோம். இந்தப் பலகையைப் பார்க்கவா என்று கேட்டுவிட்டு, சரி, நீங்கள் முதல் ஆட்கள் இல்லை என்று சிரித்தார்.

நிலையம் இருந்த இடம் ஊருக்கு வெளியே, நடக்கும் தூரத்தில். நெடுஞ்சாலை தண்டவாளத்தைப் பாலமாகக் கடக்கிறது. பாலத்தடியில்தான் மேடைகள் இருந்தன. வாகனங்கள் வேகமாகப் போகும் சாலை என்பதால் அங்கிள் எங்களை ஒற்றை வரிசையில் நடத்திச் சென்றார். கீழே எட்டிப் பார்த்தோம். இரண்டு வழித் தண்டவாளம், இருபுறமும் புதரும் மரமும். மேடையும் இல்லை, கட்டடமும் இல்லை. இந்த இடத்தில்தான் 1853 முதல் ரயில் நின்றது என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும். பாதை மட்டும் உயிரோடு இருக்கிறது. லண்டனிலிருந்து வூஸ்டர் போகும் ரயில்கள் இன்றும் இதே வழியால் போகின்றன. அவை இங்கே நிற்பதில்லை.

நிற்காமல் போனது 1966 ஜனவரி 3ஆம் திகதியிலிருந்து. அதே நாள் இதே பாதையில் பிளொக்லி, சிப்பிங் கம்டன் நிலையங்களும் மூடப்பட்டன. பின்னணியில் இருந்தது 1963 மார்ச்சில் வெளிவந்த பீச்சிங் அறிக்கை. டொக்டர் ரிச்சர்ட் பீச்சிங் பௌதிகம் படித்தவர், பெரிய இரசாயனக் கம்பனி ஒன்றிலிருந்து அரசாங்கம் கூட்டிவந்து ரயில்வேக்குத் தலைவராக்கிய மனிதர். 1962இல் மட்டும் ரயில்வேயின் நட்டம் சுமார் 104 மில்லியன் பவுண். அவர் எண்ணிப் பார்த்தார். நாட்டின் ரயில் பாதையில் மூன்றில் ஒரு பங்கு, மொத்தப் பயணிகள் போக்குவரத்தில் நூற்றுக்கு ஒன்றைத்தான் சுமக்கிறது என்று கண்டார். 2,363 நிலையங்களை மூடலாம் என்று பட்டியலிட்டார்.

இந்த நாட்டில் அவர் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும் வயதானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவரை வில்லனாக்குவது நியாயமில்லை என்று எங்களில் கணக்கியல் படிக்கும் அண்ணா வாதாடினார். மக்கள் காருக்கும் பஸ்ஸுக்கும் மாறிவிட்டார்கள். காலி ரயிலை ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா? கொள்கலன்களை ரயிலில் அனுப்பும் முறையை முன்னே தள்ளியதும் இதே பீச்சிங்தான். எல்லாம் சரி. ஆனால் தங்கை ஒரு விஷயம் வாசித்து வைத்திருந்தார். நாடு முழுவதும் பயணிகளை எண்ணியது 1961 ஏப்ரலில், ஒரே ஒரு கிழமை. கோடை விடுமுறைக்குக் கடற்கரை ஊர்களுக்கு நிறைந்து ஓடும் ரயில்கள் அந்தக் கிழமையில் காலியாகத்தானே ஓடியிருக்கும்?

அண்ணா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர்தான் எங்கள் வரவுக் கணக்கையும் வைத்திருந்தவர். பிறகு கேட்டார்: "நாங்கள் எண்ணினது எந்த மாதம்?" மே மாதம். ஜிசிஎஸ்இயும் ஏ லெவலும் நடக்கிற மாதம். தங்கையே அந்த நான்கு கிழமையும் வரவில்லை.

அடில்ஸ்ட்ரொப்பில் ஏப்ரலில் எண்ணினாலும் ஆகஸ்டில் எண்ணினாலும் பெரிய வித்தியாசம் இருந்திராது என்பதையும் சொல்ல வேண்டும். யாரும் ஏறாத, இறங்காத நிலையம் என்று தோமஸே சாட்சி எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாரே. நிலையத்தை மூடுவதற்குச் சொல்லக்கூடிய மிக நல்ல காரணம் எதுவோ, அதுவேதான் அந்த நிலையத்தின் பெயரை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. அன்று பாலத்தில் இதை இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சொன்னோம்.

பாலத்துச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்ற அங்கிள் அப்போதுதான் பேசினார். "எங்கட ஊர் ஸ்டேஷன்ல பேர்ப்பலகைகூட மிஞ்சேல்லை, பிள்ளையள். தொண்ணூறில கோச்சி நிண்டது. பிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழட்டிப் பங்கருக்குப் போட்டாங்கள். மேடையில ஆடு கட்டியிருந்தது. இங்க ஒரு மனிசன் இருந்து கணக்குப் பாத்து மூடினான். அங்க கணக்கும் இல்லை ஒண்டும் இல்லை."

வடக்குப் பாதை யாழ்ப்பாணம் வரை மறுபடி திறந்தது 2014 ஒக்டோபரில், காங்கேசன்துறை வரை 2015 ஜனவரியில். அதற்கு அடுத்த வருடம் அங்கிள் ஊருக்குப் போனபோது அந்த ரயிலில் ஏறியிருக்கிறார். தன் ஊரில் இறங்கினார். "நானும் ஒரு முட்டைக்கூடைக்காரக் கிழவியும். ரெண்டே பேர். ரெண்டு பேருக்காக அவ்வளவு பெரிய கோச்சி நிண்டுது, தம்பி." அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, தண்டவாளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிளை எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். சபையில் கதிரை அடுக்குபவர், கூல் போத்தல் கொண்டுவருபவர். அவருக்கு ஓர் ஊர் ஸ்டேஷன் இருந்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நேரத்தில் ஒரு ரயில் வந்தது. தூரத்தில் தண்டவாளம் லேசாகப் பாடியது, பிறகு பாலம் அதிர்ந்தது, பிறகு போய்விட்டது. பதினான்கு பேரில் மூன்று பேர் வீடியோ எடுத்தோம். மூன்றிலும் தெரிவது ஒரு பச்சைக் கோடுதான்.

திரும்பும் வழியில் கிராமத்துத் தேவாலயத்துக்குள் போனோம். மகதலேனா மரியாளின் பெயரால் கட்டப்பட்ட சிறிய ஆலயம். ஜேன் ஒஸ்டினின் தாயாருக்கு ஒன்றுவிட்ட சகோதரரான தோமஸ் லீ இந்தச் சபைக்குக் குருவாக இருந்தவர். ஒஸ்டின் இந்த ஊருக்கு வந்து தங்கியிருக்கிறார், ஆலயத்திலும் இருந்திருப்பார். உள்ளே குளிர்ச்சி, கல்லின் வாசனை, மெழுகின் வாசனை. தாழ்ந்த குரலில் ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடினோம். அந்தச் சுவர்கள் அதற்கு முன் தமிழ் கேட்டிருக்குமோ என்று ஒருவர் கேட்டார்; இன்னொருவர், ஹேஸ்டிங்ஸ் பக்கத்து ஊர்தானே, மதராஸில் வேலை பார்த்தவர்தானே, இரண்டு வார்த்தை பேசியிருப்பார் என்றார். ஹேஸ்டிங்ஸ் மதராஸில் இருந்தது உண்மை. மற்றது எங்கள் கற்பனை.

கிராமம் அழகாக இருக்கிறது. ஆனால் கார் இல்லாத ஒரு பதினாறு வயதுப் பிள்ளை இங்கே சனிக்கிழமைகளில் என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டே நடந்தோம். கிங்ஹாமுக்கு நடக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மழை பெய்தால், இருட்டினால், முழங்கால் வலிக்கிற பாட்டி ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தால்? எல்லார் வீட்டு வாசலிலும் கார் நிற்கிறது. கார் ஓட்ட முடியாதவர் மற்றவரைக் கேட்க வேண்டும். லண்டனில் பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் முறைப்பாடு சொல்லும் எங்களுக்கு இது கொஞ்சம் உறைத்தது.

ஒரு முறை, ஒரே ஒரு முறை, மூடிய பின்னும் அடில்ஸ்ட்ரொப்பில் ரயில் நிறுத்தப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2014 ஜூன் 24ஆம் திகதி, சரியாக நூறு வருடம் கழித்து, ஒக்ஸ்ஃபோர்டிலிருந்து ஏறக்குறைய 200 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு விசேட ரயில் வந்து, நிலையம் இருந்த இடத்தில் நின்றது. ஊரிலும் அன்று கவிதையை எல்லார் முன்னிலையிலும் வாசித்தார்கள்.

எங்களுக்கும் அந்த இடத்தை ரயிலுக்குள் இருந்து பார்க்க ஆசை. ஆகவே கிங்ஹாமிலிருந்து நேரே லண்டனுக்கு ஏறாமல், மேலதிக டிக்கட் எடுத்து, எதிர்த் திசையில் அடுத்த நிறுத்தமான மோர்ட்டன் இன் மார்ஷ் வரை போனோம். பத்து நிமிடம்கூட இல்லாத பயணம். எல்லாரும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். பாலத்தின் நிழல் ஒரு தடவை பெட்டிக்குள் விழுந்து எழுந்தது. "இதா?" என்றார் ஒருவர். அதற்குள் வயல்கள் வந்துவிட்டன. மோர்ட்டனிலிருந்து திரும்பி வரும்போது இன்னும் கவனமாக இருந்தோம். அப்போதும் நிழல் மட்டும்தான். எதிரில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த மனிதர் எங்களை வினோதமாகப் பார்த்தார். அங்கிள் மட்டும் பாலம் வந்தபோது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் கணக்கு அண்ணா தன் தாளைத் தானே மடித்து வைத்துவிட்டார். நத்தார் வரைக்கும் வேதப்படிப்பைத் தொடர்வதென்றும், அதற்குள் வேறு மாதங்களிலும் எண்ணிப் பார்ப்பதென்றும் தீர்மானம். வாடகைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. அதைப் போதகர் ஐயாவோடு பேசவேண்டும். கதவு திறக்கும் அண்ணாவுக்குச் சாப்பாடு கட்டிவர இரண்டு வீட்டார் முறை வைத்து ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் வெள்ளிக்கிழமை ஆறு பேர் வந்தோம். ஆறாமவர் பாடகர் குழுப் பயிற்சி என்று நினைத்துத் தவறுதலாக வந்தவர். ஆனால் கடைசிவரை இருந்தார். இந்த மாதம் அங்கிள் தன் ஊரைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளி மாலை 7 மணி, சின்ன மண்டபம். முன்கதவு மணி வேலை செய்யாது. பக்கக் கதவைத் தட்டுங்கள்.